திறக்கும் என்பதற்கு என்ன சான்று? திருப்பத்தூர் தொழிற்கூடங்களில் தாழ்வழுத்த பிரேக்கர்கள்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு தொழிற்சாலையின் தாழ்வழுத்த (எல்.டி.) பேனல் அறைக்குள் போய், மின்சாரம் உள்ளே வரும் வாசலில் நிற்கும் இன்கமர் பிரேக்கர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "அஞ்சு வருஷமா ஒரு தடவைகூட டிரிப் ஆனதில்லை, சார்" என்று பதில் வரும். பெருமையாகத்தான் சொல்வார்கள். ஐந்து வருடம் அசையாமல் நின்ற பிரேக்கர், ஷார்ட் ஏற்படும் நொடியில் திறக்கும் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது என்று அடுத்த கேள்வி கேட்டால் அறை அமைதியாகிவிடும். மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருப்பதற்கு ஒரு செம்புப் பட்டை போதும். பிரேக்கருக்கு இலட்சக்கணக்கில் பணம் கொடுப்பது, திறக்க வேண்டிய நேரத்தில் அது திறக்கும் என்பதற்காக. நம் பராமரிப்போ, அது மூடியே இருக்க வேண்டும் என்பதில்தான் கண்ணாக இருக்கிறது. இந்த மாவட்டத்தின் காற்று, வெயில், மின்வெட்டு வரலாறு, மலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கவனப் பிசகு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

2019 நவம்பர் 28இல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூரில், மின்சாரத்தை அதிகம் இழுக்கும் தொழில்கள் பெரும்பாலும் பாலாற்றை ஒட்டி இருக்கின்றன. தோல் பதனிடும் கூடங்கள், காலணித் தொழிற்சாலைகள், அவற்றின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். கேத்தாண்டப்பட்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. கிழக்கே ஜவ்வாது மலையேறினால் புதூர்நாட்டுப் பக்கம் சாமையும் கேழ்வரகும் அரைக்கும் சிறு ஆலைகள். ஒரே மாவட்டத்துக்குள் பிரேக்கருக்கு மூன்று விதமான வாழ்க்கை.

அடிப்படையை ஒருமுறை பார்த்துவிடலாம். வீட்டுப் பெட்டியிலும் சிறு சுற்றுகளிலும் இருப்பது எம்.சி.பி. அதற்கு மேலே, வார்ப்பு உறைக்குள் மூடப்பட்டு, பத்துகளில் தொடங்கி ஆயிரம் ஆம்பியரைத் தாண்டியும் கிடைப்பது எம்.சி.சி.பி. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் முழுச் சுமையையும் தாங்கும் வாசல் காவலன் ஏ.சி.பி. எனப்படும் ஏர் சர்க்யூட் பிரேக்கர். பெரும்பாலும் 630 ஆம்பியரில் தொடங்கும். எம்.சி.சி.பி.யின் உறையைத் திறந்து பழுது பார்க்கக் கூடாது, கெட்டால் மாற்றத்தான் வேண்டும். ஏ.சி.பி.யைக் கழற்றலாம், துடைக்கலாம், காண்டாக்ட் மாற்றலாம். பராமரிக்கப்படுவதற்காகவே வடிவமைத்தது அது.

இந்தக் காவலன் எவ்வளவு பெரிய அடியை எதிர்கொள்ள வேண்டியிருக்கும்? நடுத்தரத் தோல் கூடம் ஒன்றில் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாழ்வழுத்தப் பக்கம் 433 வோல்ட். முழுச் சுமை மின்னோட்டம் 667 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மரின் இம்பிடன்ஸ் 4.5 சதவீதம் என்றால், பஸ்பாரில் நேரடி ஷார்ட் ஏற்படும்போது பாயக்கூடியது 667ஐ 0.045ஆல் வகுத்தால் வரும் அளவு, அதாவது 14,800 ஆம்பியர். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களும் அந்தக் கணத்தில் ஜெனரேட்டர்போல் மின்னோட்டத்தைத் திருப்பித் தள்ளும். அதையும் கூட்ட வேண்டும். 1000 கே.வி.ஏ., 5 சதவீதம் என்றால் 26,700. தொழில் வளர்ந்து பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைக்கும்போது பலர் கேபிளைத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். பழைய விநியோகப் பலகையில் 16 கிலோ ஆம்பியர் திறனுக்கு வாங்கிப் போட்ட எம்.சி.சி.பி.களின் நினைவு யாருக்கும் வருவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிய அன்றே அவை தகுதியிழந்துவிட்டன.

பெயர்ப்பலகையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று அதிகபட்சத் துண்டிப்புத் திறன். அந்த அளவு ஷார்ட்டை ஒருமுறை துண்டித்து, மீண்டும் அதன்மீதே மூடி இன்னொரு முறை துண்டித்தால் சோதனை முடிந்தது. அதன் பிறகு பிரேக்கர் வேலைக்கு ஆகாமல் போகலாம். மற்றொன்று சேவைத் துண்டிப்புத் திறன். மூன்று துண்டிப்புகளுக்குப் பிறகும் சுமையைத் தாங்க வேண்டும். ஐ.எஸ்./ஐ.இ.சி. 60947 தரநிலையின் இரண்டாம் பகுதி, இந்த இரண்டாவது எண் முதல் எண்ணில் 25, 50, 75, 100 சதவீதமாக இருக்கலாம் என்கிறது. விலைப்பட்டியலில் பெரிதாகத் தெரிவது முதல் எண். வாங்குபவர் கேட்க வேண்டியது இரண்டாவது எண்.

திறக்காத பிரேக்கர் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் சேலம் என்ற பெயரில் ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. 1983 பிப்ரவரி 25 அன்று அதன் முதல் உலையை நிறுத்தச் சொல்லித் தானியங்கிச் சமிக்ஞை போனது. இரண்டு பிரேக்கர்களில் ஒன்று திறந்தாலே போதும், இரண்டுமே திறக்கவில்லை. அரை நிமிடத்துக்குள் பணியாளர்கள் கையால் நிறுத்தியதால் ஆபத்து விலகியது. விசாரித்தபோதுதான், மூன்று நாள் முன்பு, 22ஆம் தேதியும் இதே கோளாறு நேர்ந்திருப்பது தெரிந்தது. அன்று பணியாளர்கள் தாமாகவே நிறுத்திவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிரேக்கர்கள் டி.பி.-50 என்ற வகை; நம் தொழிற்சாலைகளில் இருப்பதைப் போன்ற தாழ்வழுத்த ஏர் சர்க்யூட் பிரேக்கர்கள்தான். கோளாறு, மின்னழுத்தம் போனால் பிரேக்கரைத் திறக்க வேண்டிய அண்டர் வோல்டேஜ் ரிலீஸ் என்ற சிறிய துணைப்பகுதியில். உராய்வு, தேய்மானம், எண்ணெய்ப் பசை இல்லாமை. கையால் நிறுத்தியபோது திறந்ததற்குக் காரணம், அந்த வழியில் ஷன்ட் டிரிப் காயிலும் சேர்ந்து இயங்கியது. அணு உலையையே நிறுத்த வேண்டிய இடத்தில் பராமரிப்புக் குறைவால் இப்படி நடக்கலாம் என்றால், பேனல் அறையைக் கோணி மூட்டை அடுக்கும் இடமாக வைத்திருக்கும் கூடத்தில் எது நடக்காது?

இப்போது நம் ஊர்க் காற்றுக்கு வருகிறேன். இந்த மாவட்டத்து மின் பணியாளர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரில், அடுத்த கட்டத்தில் வரும் அமிலம் கலந்த நீர் சேர்ந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். சகதித் தொட்டிகளில் காற்றுப் படாமல் அழுகும் கழிவிலிருந்தும் அதே வாயு வரும். ஆளையே கொல்லக்கூடிய விஷம் அது. அந்த ஆபத்து தனிக் கட்டுரைக்கு உரியது. பிரேக்கருக்கு அது செய்யும் கேடு வேறு. ஏ.சி.பி.யின் காண்டாக்ட் முனைகளில் இருப்பது வெள்ளிக் கலவை. வெள்ளி சல்பைடோடு சேர்ந்து கருக்கும், செம்பும் கருக்கும். கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்கும் அறையின் காற்றை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஏ. 71.04 என்ற தரநிலை, ஹைட்ரஜன் சல்பைடு நூறு கோடியில் மூன்று பங்குக்குள் இருந்தால்தான் மென்மையான சூழல் என்கிறது. 50ஐத் தொட்டுவிட்டால் மிகக் கடுமையான வகை. அழுகிய முட்டை வாடையை மனித மூக்கு ஏறக்குறைய இதே சிறு அளவுகளிலேயே பிடித்துவிடும். ஆகவே பேனல் அறைக்குள் அந்த வாடை அடிக்கிறது என்றால் உள்ளே இருக்கும் வெள்ளி ஏற்கெனவே பாதிக்கப்படத் தொடங்கிவிட்டது. மீட்டர் வாங்க வேண்டாம், மூக்கு போதும்.

கருப்புப் படலம் என்ன செய்யும்? சரியான நிலையில் உள்ள ஒரு பிரேக்கரின் ஒரு முனையில், உள்ளே வரும் இடத்திலிருந்து வெளியே போகும் இடம் வரை, 40 மைக்ரோ ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். 800 ஆம்பியர் ஓடும்போது அங்கே உண்டாகும் வெப்பம் 26 வாட்டுக்கும் குறைவு. படலம், தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த முனை எல்லாம் சேர்ந்து அது 160 மைக்ரோ ஓம் ஆனால் 102 வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை மூடிய பெட்டிக்குள் இரவும் பகலும் எரியவிட்டதற்குச் சமம். அதுவும் ஒரு முனைக்கு ஒன்று. அந்தச் சூடு ஸ்பிரிங்கின் விறைப்பைக் குறைக்கும், கிரீஸை உலர்த்தும், பக்கத்து இன்சுலேஷனைக் கருக்கும். அதனால் தடை இன்னும் ஏறும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே வழக்கம். தகரக் கூரைக்குக் கீழே மூடிய பேனலுக்குள் வெப்பம் அதைவிட எவ்வளவோ மேலே போகும். தெர்மல் வகை எம்.சி.சி.பி.கள் பல 40 டிகிரிக்கு அளவுதிருத்தம் செய்யப்பட்டவை. மே மாதத்தில் "காரணமில்லாமல் டிரிப் ஆகிறது" என்று புகார் வரும் பிரேக்கர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அறை சூடாக இருக்கிறது என்கிறது. அறைக்குக் காற்றோட்டம் தருவதை விட்டுவிட்டு செட்டிங்கை ஏற்றிவிடுவதுதான் இங்கே நடக்கிறது.

சல்பைடு காற்றுக்கு மாற்று உண்டு. பேனல் அறையை ஈரப்பதனிடும் பகுதியிலிருந்தும் கழிவுநீர் வாய்க்காலிலிருந்தும் தள்ளி, காற்று வரும் திசைக்கு முன்னால் அமைக்க வேண்டும். கேபிள் வாய்க்கால் வழியாக வாயு ஏறி வருவது பலர் கவனிக்காத விஷயம். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைக்க வேண்டும். வடிகட்டிய காற்றைச் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் உள்ளே தள்ளினால் வெளிக்காற்று கதவிடுக்கில் நுழையாது. பஸ்பாருக்கு வெள்ளிப் பூச்சைவிட வெள்ளீயப் பூச்சு இங்கே பொருத்தம். 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இந்தத் தொழிலின் பிரிக்க முடியாத பகுதியாகிவிட்டது. பம்புகள், ஏரேட்டர்கள், சவ்வூடு பரவல் அமைப்புகள், ஆவியாக்கிகள் என்று மின்சுமையும் ஏறியது. வாயு மிகுந்த இடத்திலேயே மின் பலகைகளும் பெருகின என்பது இதன் மறுபக்கம். ஒரு பிரேக்கர் திறக்காமல் போனாலோ தேவையின்றித் திறந்தாலோ, அங்கே நிற்பது உற்பத்தி மட்டுமல்ல, பாலாற்றுக்கான காப்பும் நின்றுபோகிறது.

அடுத்து, எண்ணிக்கை. 2008 முதல் 2015 வரை தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கு மின் கட்டுப்பாடு இருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மின்வாரிய இணைப்பின் (இ.பி.) பிரேக்கர் திறந்து டீசல் ஜெனரேட்டரின் (டி.ஜி.) பிரேக்கர் மூடும், மின்சாரம் வந்ததும் மறுபடி மாற்றம். நாளுக்கு மூன்று முறை, ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 900 சுற்று. மேற்சொன்ன தரநிலை, 630க்கு மேல் 2500 ஆம்பியர் வரையிலான பிரேக்கருக்கு வைக்கும் குறைந்தபட்சச் சோதனை 3000 சுற்றுதான்; அதிலும் சுமையோடு 500, சுமையில்லாமல் 2500. தயாரிப்பாளர்கள் பலர் இதைவிடக் கூடுதல் ஆயுள் தருகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் மூன்றரை ஆண்டுக்குள் தரநிலையின் எண்ணைத் தாண்டிவிட்ட பிரேக்கர்கள் அந்தக் காலத்தில் இருந்திருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இ.பி. போன பிறகு திறக்கும் இன்கமரில் மின்னோட்டம் இல்லை. மின்சாரம் திரும்பியதும் ஓடும் சுமையோடு திறக்கப்படுவது டி.ஜி. பிரேக்கர். காண்டாக்ட் அதிகம் எரிந்தது அதில்தான். இ.பி. இன்கமரை அக்கறையாகப் பார்த்தவர்கள்கூட டி.ஜி. பக்கத்தை மறந்தார்கள். அந்தக் காலத்துப் பிரேக்கர் இன்னும் பணியில் இருந்தால், எண்ணிக்கை காட்டும் கவுன்ட்டர் இருக்கிறதா, அது என்ன சொல்கிறது என்று பார்ப்பது முதல் வேலை.

சர்க்கரை ஆலையின் கதை இதற்கு நேரெதிர். அரவைப் பருவத்தில் இரவு பகலாக ஓட்டம். பருவம் முடிந்தால் மாதக்கணக்கில் உறக்கம். ஓய்வுக் காலத்தில் பிரேக்கர் குளிர்ந்து, மழைக்கால ஈரம் உள்ளே படிந்து, கரும்புச் சக்கைத் தூசியும் எலியும் குடியேறும். அப்படிப்பட்ட பேனலுக்குள் இருக்கும் ஸ்பேஸ் ஹீட்டரை மின்சாரச் செலவு என்று அணைத்துவிடக் கூடாது. பருவம் தொடங்கும் நாளில் மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்காமல் மூடுவது கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதுதான்.

இயக்குவதைப் பற்றி. "வெறும் 440 வோல்ட்தானே" என்ற பேச்சு இங்கே பரவலாக இருக்கிறது. உயர் அழுத்த யார்டுக்குள் போகப் பயப்படுகிறவர்கள் எல்.டி. பேனலின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். நாம் மேலே போட்ட 14,800 ஆம்பியர் கணக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. ஸ்பேனர் ஒன்று பஸ்பாரில் விழுந்தால் உண்டாகும் ஆர்க், உருகிய செம்பை முகத்தில் வீசும். எவ்வளவு நேரம் அந்த ஆர்க் நிற்கும் என்பது முழுவதும் மேலே உள்ள பிரேக்கர் எத்தனை மில்லி நொடியில் திறக்கிறது என்பதைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கும் இன்கமருக்கும் நடுவில் ஷார்ட் ஏற்பட்டால் இன்கமர் உதவாது. உயர் அழுத்தப் பக்கப் பாதுகாப்புதான் பார்க்க வேண்டும், அது பல நேரம் மெதுவானது.

ஏ.சி.பி.யை வெளியே இழுப்பதற்கு மூன்று நிலைகள்: சர்வீஸ், டெஸ்ட், ஐசொலேட். முதலில் சுமையைக் குறைத்து, பொத்தானால் திறந்து, காட்டி பச்சையில் நிற்பதையும் மூன்று ஃபேஸிலும் அம்மீட்டர் பூஜ்யத்தில் இருப்பதையும் பார்த்த பிறகே கைப்பிடியைச் செருக வேண்டும். கதவை மூடிக்கொண்டு ராக் செய்ய, அதாவது கைப்பிடியால் உள்ளே வெளியே நகர்த்த, முடிகிற பிரேக்கரைக் கதவைத் திறந்து ராக் செய்யாதீர்கள். கைப்பிடி மறுத்தால் இன்டர்லாக் ஏதோ சொல்கிறது; அதை மீறிப் பலம் போடக் கூடாது. வெளியே இழுத்த பிறகும் ஷட்டருக்குப் பின்னால் மேல்முனைகள் உயிரோடு இருக்கின்றன. டி.ஜி., கெப்பாசிட்டர் பேங்க், இப்போது கூரைமேல் சூரிய மின்தகடு என்று பின்வழியாக மின்சாரம் வரும் வாசல்கள் கூடிவிட்டன. பூட்டு போட்டு, சாவியை வேலை செய்பவர் தன் பையில் வைத்துக்கொண்டு, டெஸ்டரை உயிருள்ள இடத்தில் ஒருமுறை காட்டிச் சரிபார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் காட்டிப் பார்க்க வேண்டும்.

டிரிப் ஆனால் உடனே மூடிப் பார்ப்பது இங்குள்ள பழக்கம். எம்.சி.சி.பி.யின் நெம்புகோல் நடுவில் நின்றால் அது டிரிப். கீழே முழுவதும் இழுத்து ரீசெட் செய்தால்தான் மேலே போகும். போகிறது என்பதால் மூடலாம் என்று பொருளில்லை. டிரிப் கட்டளை தரும் ரிலீஸ் காட்டுவது ஓவர்லோடா, ஷார்ட்டா, எர்த் ஃபால்ட்டா என்று படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓவர்லோடு என்றால் சுமையைக் குறைத்து ஆறவிட்டு மூடலாம். மற்ற இரண்டும் என்றால் கேபிளை மெகர் போடாமல் மூடவே கூடாது. ஷார்ட்டின்மேல் மூடுவது, மேலே சொன்ன சோதனையின் இரண்டாவது அடியை நாமே பிரேக்கருக்குக் கொடுப்பது. பெரிய ஷார்ட்டைத் துண்டித்த ஏ.சி.பி.யில் ஆர்க்கை அணைக்கும் ஆர்க் சூட் அறையைக் கழற்றித் தகடுகள் உருகியிருக்கின்றனவா, காண்டாக்ட் குழிந்திருக்கிறதா என்று பார்க்காமல் பணிக்கு அனுப்பக் கூடாது.

அண்டர் வோல்டேஜ் ரிலீஸ் பற்றி ஒரு வார்த்தை. மின்னழுத்தம் கொஞ்சம் சரிந்தாலே டிரிப் ஆகிறது என்று அதைக் கழற்றிப் போடுவது அல்லது கம்பியால் கட்டிவைப்பது பல இடங்களில் நடக்கிறது. அதோடு அந்த ரிலீஸ் வழியாக இணைத்திருந்த எமர்ஜென்சி ஸ்டாப், இன்டர்லாக் எல்லாம் செத்துப் போகும். ஓரிரு நொடி தாமதிக்கும் டிலே மாட்யூல் கிடைக்கிறது, பணம் கொஞ்சம். அதைப் போட்டுவிடலாம்.

இனிப் பராமரிப்பு. பேனலிலிருந்து இழுத்து மேசைமேல் வைத்த ஓர் ஏ.சி.பி.யைப் பாருங்கள். முன்மூடியைக் கழற்றியதும் பக்கவாட்டில் கனத்த ஸ்பிரிங், அதை இறுக்கும் பற்சக்கரம், நடுவில் விரல் நகம் அளவுக்கு ஒரு லாட்ச். ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் துண்டிக்கும் முழு இயக்கமும் அந்தச் சின்ன லாட்ச் நழுவுவதில்தான் தொடங்குகிறது. அதன்மேல் தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் தேன் நிறத்தில் மென்மையாக இருக்கும். பத்து வருடச் சூட்டில் அது பழுப்பாகி, பிசினாகி, நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிரும். ஸ்பிரிங்கை ஏற்றி, மூடி, டிரிப் பொத்தானை அழுத்தினால் முதல் முறை ஒரு சிறு தயக்கம். அதற்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது முறை படார் என்று திறக்கும். அந்த முதல் தயக்கம்தான் உண்மை. உண்மையான ஷார்ட்டின்போது கிடைப்பது முதல் முறை மட்டுமே. அதனால் சோதனைக்கு எடுக்கும்போது, துடைப்பதற்கும் ஆட்டிப் பார்ப்பதற்கும் முன்பே, இருந்த நிலையிலேயே முதல் திறப்பின் நேரத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு அளந்து "எல்லாம் சரி" என்று அறிக்கை தருவது பயனற்றது.

துருநீக்கி ஸ்பிரே அடித்துவிடும் பழக்கத்தைக் கடுமையாகவே எதிர்க்கிறேன். அது இருக்கும் நல்ல கிரீஸையும் கழுவிக்கொண்டு போகும். கரைப்பான் ஆவியானதும் மிச்சம் பசையாக நிற்கும். அன்றைக்குப் பிரேக்கர் லகுவாக ஓடும், ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகும். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ், சொன்ன இடத்தில், மெல்லிய பூச்சு. காண்டாக்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அப்படியே. வெள்ளிக் கலவை தேய்ந்து போகும், மணல் துகள் முனையில் பதியும். பஞ்சு நூல் வராத துணியும் உரிய சுத்திகரிப்புத் திரவமும் போதும். படலம் பெரிய அளவில் இருந்தால் காண்டாக்ட் மாற்ற வேண்டிய நேரம்.

அளக்க வேண்டியவை அதிகமில்லை. காண்டாக்ட் மின்தடை: 100 ஆம்பியர் நேர்மின்னோட்டம் செலுத்தி மைக்ரோ ஓமில். ஒரே ஓர் எண்ணைவிட, மூன்று முனைகளுக்கும் இடையிலான வேறுபாடும் போன வருடத்து எண்ணும்தான் பேசும். இன்சுலேஷன்: முனைகளுக்கு இடையிலும் உடலுக்கும், திறந்த நிலையில் மேலுக்கும் கீழுக்கும். டிரிப் சோதனையில் இரண்டு வகை. சிறு கருவியை ரிலீஸில் செருகிச் செய்வது செகண்டரி இன்ஜெக்ஷன். மின்னணு மூளை சரியா என்று சொல்லும். உண்மையான பெரிய மின்னோட்டத்தைப் பிரேக்கர் வழியாகவே செலுத்துவது பிரைமரி இன்ஜெக்ஷன். கரென்ட் டிரான்ஸ்ஃபார்மர், கம்பி இணைப்பு, காயில், லாட்ச், காண்டாக்ட் என்று முழுச் சங்கிலியையும் சோதிக்கும். ஆண்டுதோறும் முதலாவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் நியாயமாக இருக்கும். சல்பைடுச் சூழலில் இந்த இடைவெளிகளைப் பாதியாக்க வேண்டும் என்பது என் கருத்து. பராமரிப்புக்கென்றே ஐ.எஸ். 10118 தரநிலையின் நான்காம் பகுதி இருக்கிறது; பழையதுதான், ஆனாலும் படித்தவர் மிகக் குறைவு.

லக்குகளின் இறுக்கத்தை டார்க் ஸ்பேனரால் பார்க்க வேண்டும். அலுமினியக் கேபிளைச் செம்பு முனையில் நேரடியாகக் கட்டுவதே பாதிச் சூட்டுக்குக் காரணம். ஈருலோக வாஷரோ லக்கோ வேண்டும். தெர்மல் கேமரா இந்த வகைக் கோளாறுகளை நன்றாகக் காட்டும், அதுவும் சுமை உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால். ஆனால் லாட்ச் இறுகிப்போனதைக் கேமரா காட்டாது. படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டு பிரேக்கர் பராமரிப்பு முடிந்தது என்று எழுதும் வழக்கம் இப்போது பரவி வருவது கவலை தருகிறது.

எல்லாவற்றிலும் செலவில்லாதது செட்டிங். 667 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மருக்கு 800 ஆம்பியர் ஏ.சி.பி. போட்டு, ஓவர்லோடு குமிழை 1.0இல் விட்டால் டிரான்ஸ்ஃபார்மர் இருபது சதவீதம் கூடுதலாக எரிந்தாலும் பிரேக்கர் சும்மா இருக்கும். 0.8இல் வைத்தால் 640. பெட்டியிலிருந்து வந்தபடியே, அல்லது யாரோ ஒருநாள் அவசரத்தில் உச்சத்துக்குத் திருப்பியபடியே இருக்கும் குமிழ்களும், அணைத்து வைத்த எர்த் ஃபால்ட்டும் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. செட்டிங் தாளை பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டி, மாற்றியவர் கையெழுத்தும் தேதியும் இல்லாமல் குமிழைத் தொடக் கூடாது என்று வைத்தால் போதும்.

இவற்றை யார் செய்வது? சி லைசென்ஸ் சூப்பர்வைசர் இருக்கும் இடங்களிலும் அவர் நேரமெல்லாம் மோட்டாருக்கும் லைட்டுக்கும் போய்விடுகிறது. எல் அண்ட் டி நிறுவனம் குன்னூரில் நடத்திய சுவிட்ச்கியர் பயிற்சி மையத்தில் படித்துவந்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் இருந்தது. அந்தப் பிரிவு 2020இல் ஷ்னைடர் குழுமத்துக்குப் போய், 2024இல் லாரிட்ஸ் நட்சன் என்று பெயர் மாறிவிட்டது. பெயர் மாறுவதால் பிரேக்கர் மாறாது. ஆனால் இருபது ஆண்டு பழைய மாடலுக்கு உதிரி கிடைக்குமா என்பதை இன்றே எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காதென்றால் பழைய கூட்டுக்குள் புதிய பிரேக்கரைப் பொருத்தும் ரெட்ரோஃபிட் வழி உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் 2023இல் புதுப்பிக்கப்பட்டன. மாநில மின் ஆய்வுத் துறையின் ஆய்வும் உண்டு. ஆய்வாளர் வரும் நாளில் எர்த் மின்தடைப் பதிவேடு தயாராக இருக்கும். பிரேக்கர் திறந்த நேரத்தின் பதிவேட்டையும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் வந்தால் பாதி வேலை தானாக நடக்கும். இந்த வேலைக்கென்று தனி நாள் தேட வேண்டியதில்லை: துணை மின்நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்சாரம் நிற்கும் என்று மின்வாரியம் நாளிதழில் அறிவிக்கிறதே, அன்று டி.ஜி.யை ஓட்டி உற்பத்தியைக் காப்பாற்றுவதிலேயே எல்லோரும் முனைகிறார்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் மட்டும் அந்த நாளை இன்கமருக்குக் கொடுத்துவிடலாம்.

மலைக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்படியே பொருந்தாது. உயரத்தால் பிரச்சினையில்லை, 2000 மீட்டர் வரை பிரேக்கரின் திறனைக் குறைக்கத் தேவையில்லை, காவலூர் வானோக்கு நிலையம் இருப்பதே ஏறக்குறைய 725 மீட்டரில்தான். மலையில் சிக்கல், ஷார்ட் மின்னோட்டம் போதாமல் போவது. 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, வீசல் என்ற வகைக் கம்பியில் மின்சாரம் வரும் ஒரு சாமை ஆலையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 0.9 ஓம், போக வர 1.8. ஃபேஸும் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டால் 230ஐ 1.8ஆல் வகுத்து 128 ஆம்பியர், நடைமுறையில் அதற்கும் கீழே. அங்கே 63 ஆம்பியர் எம்.சி.சி.பி. வைத்திருந்தால், அதன் காந்த டிரிப் பத்து மடங்கில், 630 ஆம்பியரில்தான் எழும். அது எழவே எழாது. தெர்மல் பகுதி சூடாகித் திறக்க நிமிடக்கணக்கில் ஆகும். அதுவரை ஆலைக்குள் கம்பி எரியும். "பெரிதாகப் போட்டால் டிரிப் ஆகாது" என்று கீழ்நாட்டுக் கடையில் வாங்கிவரும் பிரேக்கர் மேலே ஆபத்தாவது இப்படித்தான்.

அங்கே தேவை சிறியதும் கூர்மையானதும். 5 எச்.பி. மோட்டாரின் முழுச் சுமை 7.5 ஆம்பியர் அளவு, நேரடியாகத் தொடங்கும்போது 50 வரை போகும். பி வகை 25 ஆம்பியர் எம்.சி.பி.யின் காந்த டிரிப் மூன்று முதல் ஐந்து மடங்கில், அதாவது 75க்கும் 125க்கும் நடுவில் எழும். மோட்டார் தொடங்குவதை அது விட்டுவிடும், கம்பி ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் பிடித்துவிடும். மோட்டாரின் ஓவர்லோடை ஸ்டார்ட்டரில் உள்ள ரிலே பார்த்துக்கொள்ளும். பாறை நிலத்தில் எர்த் குழி 10 ஓமுக்குக் கீழே இறங்குவதே பாடு. ஆலைக்கு 10, டிரான்ஸ்ஃபார்மருக்கு 10 என்றால் மோட்டார் உடலில் மின்சாரம் இறங்கும்போது ஓடுவது 11 ஆம்பியர் மட்டும். எந்த எம்.சி.பி.யும் அதைச் சுமை என்றே நினைக்கும், மோட்டாரைத் தொட்டவர் மாட்டிக்கொள்வார். அந்த 11 ஆம்பியரைக் கண்டுபிடித்து நொடியின் சிறு பகுதிக்குள் திறப்பது கசிவைப் பார்க்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றுதான். மலையிலுள்ள ஒவ்வோர் அரவை ஆலைக்கும் பி வகை எம்.சி.பி.யோடு 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் சேர்த்துப் போட்டுவிட்டு, மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தித் திறக்கிறதா என்று பார்க்க ஆலைக்காரருக்கே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.